பாலும் இளைஞர் வயிறும்

பாலை வெறுத்துப் பேசுவார் எந்நாட்டிலும் அரியர். தமிழ் நாட்டிலோ இலர் என்றே கூறலாம். மணமக்கள் மனை புகும்போது பால், புதுமனையில் முதலிற் பொங்குவது பால், நோயுற்றார்க்குப் பால், இறந்தார்க்கும் மறுநாட் பால். இங்ஙனம் பிறப்பு முதல் இறப்பு ஈறாக எம்மவரைத் தொடர்ந்து வரும் இவ்வுணவு, வளர்ந்த ஒருவனது வயிற்றில் துன்பம் விளைக்கும் என்று யாரேனும் கூறின், கூறியவரது அறிவைப் பற்றியே ஐயம் எழும். ஓராண்டுக்கு முன்பு யாமும் அங்ஙனமே ஐயுற்றோம். அவ்வையம் நீங்கிய வரலாற்றையும், நீங்கிய பின்னர் யாம் தேடிக் கற்ற செய்திகளையும் இவ்வியாசத்தில் எழுதத் துணிந்தோம். தமிழ் பயிலும் மாணவர் உடற்கூற்று நூலுள் ஏன் புகுந்தார் என வினவும் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் பொறுத்தருள்க. பிழை காணின் திருத்துக.

எம் விடுதியில் எமக்கு அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர் விருத்தாசலத்தினர். அவ்வூரைத் தேவாரம் திருமுதுகுன்றம் எனப் போற்றும். விருத்தாசலம் என்பதும் அப்பொருளே தரும் வடசொல். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலாற் பெயர் பெற்ற அவ்வூர், இக்காலத்திற் பீங்கானாலும் பெயர் பெற்று விளங்குகின்றது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியிற் கிடைக்கும் வெண்களிமண் அத்தொழிலுக்கு அணித்தாய் அமைந்தது. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கல்விக்கூடம் ஒன்றும் ஆங்குளது. பொம்மை, கோப்பை, சாடி, மின்சாரத்திற்கு வேண்டும் பியூஸ் கட்டை முதலியவற்றைச் சிறு தொழிற்கூடங்கள் பல வார்த்தும் சுட்டும் வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. எம் நண்பரின் அன்னையார் அத்தகைய கூடம் ஒன்றிற் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் தீட்டும் தொழிலினர். தந்தையார் இலர். நாட்கூலியில் ஒரு பகுதியைப் பாலுக்கென ஒதுக்கி மகனை வளர்த்தவர் அவ்வம்மையார். இதனை இங்கே குறித்தற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

கல்லூரியிற் சேர்ந்த முதற் பருவத்திலேயே நண்பர்க்கு ஒரு துன்பம் தொடங்கிற்று. காலை ஆறரை மணிக்கு வெறுவயிற்றிற் பால் அருந்துவார். ஏழரை மணிக்குள் வயிறு மத்தளம் போல் உப்பும். குடலின் இரைச்சல் அடுத்த கட்டிலில் இருப்பார்க்கும் கேட்கும். கொப்பூழைச் சுற்றி முறுக்கி வலிக்கும். பின்னர் நீராய்க் கழியும். பத்து மணியளவில் யாவும் அடங்கி, ஒன்றும் நிகழாதது போல் உலவுவார். முதல் மணிப் பாடத்திற்கு அவர் வந்த நாட்கள் குறைவு. வந்த நாட்களிலும் வாயிலை ஒட்டிய ஆசனத்தையே நாடுவார். காரணத்தை வெளியிற் சொல்ல நாணினார். தலைவலி என்றால் பிறர் இரங்குவர். வயிற்றுப்போக்கு என்றால் நகைப்பர். ஆதலின் தலைவலி என்றே சொல்லிவந்தார். ஆசிரியர் சிலர் அவரைச் சோம்பர் எனக் கருதினர். யாமும் கருதினோம் என்பதை ஒளியாது உரைத்தல் எம் கடன். பருவத் தேர்வு ஒன்றின் நடுவே அவர் எழுந்து வெளிச் சென்றார். மீண்டும் உள்ளே விடப்படவில்லை. அத்தாளின் மதிப்பெண் போயிற்று.

உண்மை வெளிப்பட்ட பின்னர் விடுதியில் மருத்துவர்கள் மலிந்தனர். ஒருவர் ஓமநீர் என்றார். ஒருவர் உடம்பில் உஷ்ணம் என்றார். யாம் இஞ்சிச் சாற்றைத் தேனிற் குழைத்து உண்ணுமாறு உபதேசித்தோம். ஊரிலிருந்து வந்த மருந்து இவை யாவற்றினும் கொடிது. மகன் இளைத்துவிட்டான் என்று கேள்வியுற்ற அன்னையார், விடுதிப் பால் நீர்த்த பால் என்று முடிவு செய்து, கொழுப்பு நீக்கிய பால்மாப் பொட்டலங்களை மாதந்தோறும் அனுப்பலாயினர். நண்பர் அம்மாவில் இரண்டு கரண்டி எடுத்துப் பாலிற் கலந்து, தாயின் அன்பை வீணாக்கலாகாது என்று மறவாது அருந்தினார். நோய் முற்றிற்று, முற்ற முற்றப் பாலும் மிகுந்தது. குடலில் தீராப் புண்ணோ, காசநோயோ உற்றதென்று அஞ்சி, இரவில் விளக்கணைத்த பின் அவர் விழித்துக் கிடந்த நாட்களை யாம் அறிவோம். படிப்பை விட்டு ஊர் திரும்புவதே முடிவு என்று ஒரு நாள் பெட்டியையும் கட்டிவிட்டார்.

அன்று அவரைக் கட்டாயப்படுத்தி மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அம்மருத்துவர் நாவையும் கண்ணையும் நோக்கினார், வயிற்றைத் தட்டினார், எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, மலத்திற் குருதி கண்டதா, நள்ளிரவில் வலி எழுப்புகிறதா என்று வினவினார். எல்லாவற்றிற்கும் இல்லை என்பதே விடை. எடையும் நண்பர் அஞ்சிய அளவு குறைந்திருக்கவில்லை. கிருமிகள் உளவா என அறிய மலத்தைச் சோதிக்கச் செய்தார், இல. பின்னர், "காலையில் முதலில் என்ன அருந்துகிறீர்?" என்றார். இக்கேள்வியை எங்களுள் ஒருவரும் அதுவரை கேட்டிலோம்.

அவர் எழுதித் தந்த மருந்து ஒரு குறிப்பேடு மட்டுமே. பதினான்கு நாட்கள் பாலும் பாலாற் செய்தனவும் நீக்கி, உண்டதையும் உற்றதையும் நாள்தோறும் எழுதுமாறு பணித்தார். நான்காம் நாளே இரைச்சல் அடங்கிற்று. பதினைந்தாம் நாட் காலை, கட்டளைப்படி ஒரு தம்ளர் பால் அருந்தினார். அக்குறிப்பேட்டை யாம் கண்டோம்: பதினான்கு நாட்களுக்கு எதிரே ஒன்றுமில்லை, பதினைந்தாம் நாளுக்கு எதிரே அரைப்பக்கம்.

இனி இதன் காரணத்தை ஆராய்வாம். பாலின் இனிப்பு கரும்பின் இனிப்பு அன்று. அதற்குப் பாற்சருக்கரை என்று பெயர். லாக்டோஸ் எனவும் வழங்குவர். அது சருக்கரை வகையைச் சேர்ந்ததே என 1780-ல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் ஷீலே காட்டினார். குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரு சிறு சருக்கரைகள் கைகோத்து நிற்பதே பாற்சருக்கரை. கோத்த கை பிரிந்தாலன்றி அது குடலினின்று குருதியுட் புகாது. பிரித்து வைப்பது லாக்டேஸ் என்னும் நொதி. சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல எழுந்து நிற்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் அந்நொதி உறைகின்றது. நொதி போதிய அளவு உள்ளார்க்குப் பால் அமுதம். நொதி குறைந்தார்க்குப் பாற்சருக்கரை பிரியாமலே கீழ்நோக்கிச் செல்கின்றது. செல்லும் வழியில் இரண்டு கேடுகளை விளைக்கின்றது.

ஒன்று, நீரை இழுத்தல். இதனை எமக்கு விளக்கியவர் நண்பரே. விளக்கியது பீங்கான் மொழியில். விருத்தாசலத்துக் கூடங்களிற் கோப்பை வார்க்கும்போது, களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கிப் பாரிஸ் சாந்தினாற் செய்த அச்சினுள் ஊற்றுவர். உலர்ந்த அச்சு குழம்பிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அச்சை ஒட்டிய களிமண் இறுகித் தோடாகும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். நலமுள்ள குடலும் அத்தகைய அச்சே; உள்ளே செல்லும் உணவினின்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். "எனக்கோ அச்சு குழம்பின் நீரைக் குடிப்பதற்கு மாறாகக் குழம்பு அச்சின் நீரைக் குடிக்கிறது" என்றார் நண்பர். முறை வேறெனினும் உவமை பொருந்துவதே. அச்சில் நிகழ்வது நுண்துளைகளின் செயல். குடலில் நிகழ்வது செறிந்து கரைந்த சருக்கரை, நீரைத் தன் பக்கம் ஈர்க்கும் செயல். கழிச்சல் நீராய் இருப்பதன் காரணம் இதுவே.

மற்றொன்று, பெருங்குடலிற் புளித்தல். திருமுதுகுன்றத்து ஆற்றிற் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது வரலாறு. சிறுகுடலில் எடுக்க வேண்டிய சருக்கரையும் இவ்வாறே தவறிப் போய்ப் பெருங்குடலில் வேறு சிலரால் எடுக்கப்படுகின்றது. எடுப்போர் ஆங்கு வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள். அவை சருக்கரையை உண்டு அமிலங்களையும், ஹைட்ரஜன், கரியமில வாயு முதலிய வாயுக்களையும் வெளிவிடுகின்றன. சிலர் குடலில் மீத்தேனும் உண்டாகும். உப்புசம், இரைச்சல், முறுக்கு வலி யாவும் இவ்வாயுக்களின் திருவிளையாடல். ஹைட்ரஜனில் ஒரு பகுதி குருதியிற் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளிப்படும். இதனைக்கொண்டே மருத்துவர் ஒரு சோதனை அமைத்துள்ளனர். வெறுவயிற்றில் 25 அல்லது 50 கிராம் பாற்சருக்கரையை நீரிற் கரைத்து அருந்தச் செய்து, அரைமணிக்கு ஒருமுறை மூச்சை அளப்பர். தொடக்க அளவினும் பத்து இலட்சத்தில் 20 பங்கு மிகுந்த ஹைட்ரஜன் காணின், சருக்கரை செரிக்கவில்லை என்பது துணிபு. இக்கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. குறிப்பேடோ எவ்வூரிலும் கிடைக்கும்.

குழந்தைப் பருவத்திற் பாலாலேயே வளர்ந்தவர்க்கு இஃது இடையில் நேர்வது எங்ஙனம் என்னும் வினா எழும். எமக்கும் எழுந்தது, விடை எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. பாலூட்டும் உயிர்கள் அனைத்திற்கும் பால்மறந்த பின்னர் லாக்டேஸ் குறைவதே இயற்கை. கன்று பசுவாகிறது, பசு பால் அருந்துவதில்லை. மக்களிலும் உலகில் வளர்ந்தோருள் மூன்றில் இரு பங்கினர் இவ்வியற்கைக்கு உட்பட்டவரே. குறைவு சிறு வயதிலேயே தொடங்கினும் படிப்படியாகவே செல்வதாகலின், துன்பம் பலர்க்குப் பதினைந்துக்கு மேல், இளமையின் வாயிலில் புலப்படுகின்றது. வீட்டின் உணவுமுறை மாறி விடுதியின் உணவுமுறை புகும் வயதும் அதுவே. ஆகவே வளர்ந்தும் பால் செரிப்பவரே புதுமையர், செரியாதவர் பழமையர். முதுகுன்றத்து நண்பர் பழமையராய் இருத்தல் பொருத்தமே என யாம் நகையாடியதை அவர் பொறுத்துக்கொண்டார்.

மேலைநாட்டு மருத்துவர் இவ்வுண்மையை உணர்ந்தது அண்மைக் காலத்திலேதான். வெள்ளையர் நாடுகளிற் பலர்க்குப் பால் செரித்தலால், செரியாமையை அவர்கள் அரிய நோயாகவே எண்ணியிருந்தனர். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், நலமுடைய வளர்ந்தோரிடத்தும் இக்குறை மிகுதியென்றும், கறுப்பினத்தாரிடம் பெரும்பான்மையென்றும் வெளியிட்ட பின்னரே கருத்து மாறத் தொடங்கிற்று. நம் நாட்டைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1981-ல் வெளிவந்தது. டில்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் நலமுடையாரைச் சோதித்ததில், வடக்கே டில்லியில் 27.4 விழுக்காட்டினர்க்கும், தெற்கே ஏனை இரண்டு இடங்களில் 66.6 விழுக்காட்டினர்க்கும் பாற்சருக்கரை செரியாமை கண்டனர். புதுச்சேரி விருத்தாசலத்திற்கு நெடுந்தொலைவன்று. தெற்கே மூவரில் இருவர் என்னும் கணக்கை எம் விடுதியின் உணவுக்கூடத்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். எதிர்வரிசையில் காலைப் பாலை நண்பர்க்குத் தள்ளிவிடுவோர் பலர் எமக்கு அதுவரை கண்ணிற் பட்டிலர்.

வடக்கிற்கும் தெற்கிற்கும் இவ்வேறுபாடு ஏன்? 2002-ல் பின்லாந்து நாட்டு அறிஞர், லாக்டேஸ் மரபணுவுக்கு அணித்தே ஓரெழுத்து மாறியிருத்தலைக் கண்டனர். அம்மாற்றம் உடையார்க்கு நொதி வாழ்நாள் முழுதும் குறையாது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து வரினும் போதும். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் இதே பயனைத் தரும் வேறு மாற்றங்கள் தனித்துத் தோன்றியமை 2007-ல் வெளியாயிற்று. கால்நடை மேய்த்துப் பாலுண்டு வாழ்ந்த குடிகளில் இம்மாற்றம் உடையாரே நலத்துடன் பெருகினர் என்பது அறிஞர் கொள்கை. இந்தியாவில் ஐரோப்பியர்க்குரிய அதே மாற்றமே காணப்படுகின்றது எனவும், வடமேற்கில் மிகுந்து தெற்கும் கிழக்கும் செல்லச் செல்லக் குறைகின்றது எனவும் 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி கூறும். இதற்கு ஒரு புறனடை உண்டு. அது தமிழ் நாட்டிலேயே உளது. எருமை வளர்த்தலையே வாழ்வாகக் கொண்ட நீலகிரித் தோடரிடம் இம்மாற்றம் மிகுதியாய் விளங்குகின்றது.

தமிழ் மாணவர் என்ற முறையில் யாம் ஈண்டு ஒன்று கூற விழைகின்றோம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியலிற் றயிர் கடைந்து, மோரைத் தலைமேற் சுமந்து சென்று, தானியத்திற்கு மாற்றித் தன் சுற்றத்தை உண்பிக்கின்றாள்; நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையும் பசுவும் கொள்கின்றாள். அவள் தலையிலுள்ள பானையிற் பால் இல்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டிலே புதுமணப்பெண் கணவனுக்கு முதன்முதற் சமைப்பதும் தயிரைப் பிசைந்து செய்த புளிக்குழம்பே. இவற்றைக்கொண்டு, சங்கத் தமிழர் லாக்டேஸை அறிந்திருந்தனர் என்று முழங்கும் துணிவு எமக்கில்லை. நம் நாட்டு வெயிலில் பால் ஒரு பொழுது தங்காது. தயிரும் நெய்யும் தங்கும். காரணம் அவ்வளவே ஆகலாம். ஆயினும் காரணம் எதுவாயினும் வயிற்றுக்குப் பயன் ஒன்றே. பால் தயிராகும்போது நுண்ணுயிர்கள் பாற்சருக்கரையில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகின்றன. அன்றியும், தயிரிலுள்ள உயிர்கள் தம் நொதியையும் உடன்கொண்டு குடலுட் சென்று எஞ்சிய சருக்கரையைப் பிரிக்க உதவுகின்றன என்பது 1984-ல் நிறுவப்பட்டது. நெய்யிற் பாற்சருக்கரை இல்லை என்னும் அளவே. மோர் நீர்த்ததாகலின் இன்னும் எளிது. பால்கோவாவோ பாலைச் சுண்டக் காய்ச்சியது. நீர் போய்ச் சருக்கரை முழுதும் நிற்கும்.

காய்ச்சினாற் குறையும், மஞ்சளும் மிளகும் இட்டால் மாறும், எருமைப்பாலை விட்டு ஆட்டுப்பாலைக் கொண்டால் தீரும் என்பன பொருந்தாக் கூற்றுக்கள். சூட்டினால் அச்சருக்கரை போவதில்லை. மூவகைப் பாலிலும் அதன் அளவு பெரிதும் வேறுபடுவதுமில்லை. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் எனக் கொள்ளலாம்.

இக்கணக்கே நண்பரின் புதிரை அவிழ்த்தது. ஊரில் இருந்தபோது துன்பம் ஏன் இல்லை என்று அவர் மருத்துவரை வினவினார். வீட்டில் அவர் அருந்தியது அரைத் தம்ளர் பால், பாதி நீர் கலந்தது, இட்டிலி உண்ட பின். அதிற் பாற்சருக்கரை 3 கிராமுக்கு மேற் செல்லாது. விடுதியில் அருந்தியது 200 மில்லி. அதுவே 10 கிராம். கொழுப்பு நீக்கிய பால்மாவின் எடையில் பாதி பாற்சருக்கரையே. ஆகவே அன்னையார் அனுப்பிய மாவில் 20 கிராம் கலந்தபோது மேலும் 10 கிராம். ஆக 20 கிராம், அதுவும் வெறுவயிற்றில். நொதி குறைந்தோரும் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரும்பாலும் துன்பமின்றியோ சிறு துன்பத்துடனோ தாங்குவர் என 2010-ல் அமெரிக்க அறிஞர் குழு முடிவு கூறிற்று. நண்பர் தாங்கும் எல்லையை இரண்டு கரண்டி அன்பு கடக்கச் செய்தது.

இதனால் நொதி குறைந்தோர் பாலை முற்றும் துறத்தல் வேண்டா என்பதும் பெறப்படும். சிறு அளவாக, உணவோடு சேர்த்து, நாளில் பிரித்து உண்ணின் பலர்க்கு ஒத்துக்கொள்ளும். காப்பியிற் சேரும் பால் பெரும்பாலும் கேடு செய்யாது. பாற்சருக்கரையை முன்னமே பிரித்த பாலும், நொதி மாத்திரைகளும் நகரங்களில் விற்கப்படுகின்றன. விலை மாணவர்க்கு ஏற்றதன்று. முற்றும் துறப்பவர் எலும்புக்கு வேண்டும் சுண்ணச் சத்திற்கு வேறு வழி தேடல் வேண்டும். வளர்ந்தார்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்துள்ளது. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உளது. முருங்கைக் கீரையிலும் அவ்வளவிற்கு 300 மில்லிகிராமுக்குக் குறையாது. முள்ளோடு உண்ணும் சிறுமீன், எள் என்பனவும் நல்லன. கேழ்வரகுக் கூழை ஏழையர் உணவென்று ஒதுக்கிப் பால்மாவைக் கூலி கொடுத்து வாங்கும் மதி எவ்வாறு வந்தது என்பது தனி வியாசத்திற்குரிய பொருள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வயிறு உப்பியவர் யாவரும் இதனைப் படித்துத் தமக்கும் இதுவே என்று கொள்ளற்க. நீரின் வழியே வரும் கிருமிகளும், காலந்தவறிய உணவும், மனக்கலக்கத்தோடு கூடிய குடற்சிணுக்கமும் இதே அறிகுறிகளைக் காட்டும். கடும் வயிற்றுப்போக்கு வந்து சென்ற பின் குடலுறிஞ்சிகள் நைந்து, சில வாரங்கள் மட்டும் பால் செரியாமல் இருந்து பின் தானே சரியாதலும் உண்டு. பால் ஒவ்வாமை என்பதோ வேறு. அது பாலின் புரதத்தை உடல் பகையாகக் கருதுவது. தடிப்பும் மூச்சுத்திணறலும் தரவல்லது. அதிற் சிறு அளவும் தீங்கே. மருத்துவர் நண்பரிடம் முதலில் வினவிய எடைக்குறைவு, காய்ச்சல், குருதி, இரவில் எழுப்பும் வலி என்பவற்றுள் ஒன்று காணினும், குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவரை நாடுவதே தக்கது.

நிற்க. நண்பர்க்கு நோயினும் பெரிய இடர் ஒன்று எஞ்சியிருந்தது. அன்னையாரிடம் இதனை எவ்வாறு உரைப்பது? கடிதத்தில் எழுதத் தொடங்கி மும்முறை கிழித்தார். பால்மாப் பொட்டலங்கள் பெட்டியில் திறவாமற் சேர்ந்தன. கோடை விடுமுறையில் எம்மையும் உடன் வருமாறு அழைத்தபோது, விருந்து என்று கருதிச் சென்றோம். துணைக்கு என்று பின்னர் அறிந்தோம்.

சென்ற அன்று மாலை அம்மையார் தொழிற்கூடத்தினின்று திரும்பிக் கைகழுவிய உடனே அடுப்பிற் பால் வைத்தார். விரல்நுனியிற் கருநிற வண்ணம் போகாமல் இருந்தது. எமக்கொரு தம்ளரும் மகனுக்கொரு தம்ளரும் நிறைய ஊற்றிவைத்தார். நண்பர் வாய் திறவாது எம்மை நோக்கினார். யாம் சொல் தடுமாறி, குடலென்றும் நொதியென்றும் ஏதேதோ கூறினோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் இத்தனை நாளும் நான் கொடுத்தது பிள்ளைக்கு ஆகாததா தம்பி?" என்றார். அவ்வினாவுக்கு விடை கூற எம்மால் இயலவில்லை. நண்பர்தாம், "இல்லை அம்மா, நீ கொடுத்த அளவு சரி, நான் குடித்த அளவுதான் பிழை" என்றார். மருத்துவர் கூறிய 3 கிராம் கணக்கையும் எடுத்துரைத்தார். அதை அவர் மனப்பாடம் செய்து வந்திருந்தார் என்பது எமக்குத் தெரியும்.

அம்மையார் அடுப்பின் பக்கம் திரும்பி அமர்ந்து, "எனக்கும் சின்ன வயதிலிருந்தே பால் ஆகாது; குடித்தால் வயிற்றைப் புரட்டும். என் அப்பாவுக்கும் அப்படித்தான், மோர்தான் கேட்பார்" என்றார். நண்பர் திடுக்கிட்டார். தமக்கு விட்டுக்கொடுக்கவே தாய் பால் அருந்துவதில்லை என்று அவர் இருபது ஆண்டுகளாய் எண்ணியிருந்தாராம். "அதுவும்தான்" என்றார் அம்மையார்.

பின்னர் எழுந்து, மகனுக்கு ஊற்றிய பாலைத் திரும்பவும் பாத்திரத்திற் சேர்த்து, ஆறவைத்து, கூடத்தில் விளிம்பு கோணியதால் விலைபோகாமல் வீட்டிற்கு வந்த வெண்ணிறச் சாடி ஒன்றில் ஊற்றி உறையிட்டார். உறை ஊற்றும்போதே, "காப்பிக்கு எவ்வளவு பால் விடலாம்?" என்று வினவினார். நண்பர் அலமாரியிலிருந்து அவ்வூர்க் கோப்பை ஒன்றை எடுத்து, அதன் கால்பங்கு உயரத்தில் விரலை வைத்துக் காட்டினார். அம்மையார் பொம்மைக்குப் புருவம் தீட்டும் தூரிகையை எடுத்து, விரல் இருந்த இடத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்றை இழுத்தார். மறுநாட் காலை எமக்கு அதே கோப்பையிற் காப்பி வந்தது. தண்ணீரில் ஊறியும் கோடு இன்னும் அழியவில்லை.